விழும் பந்தும் 24 தாள்களும்: குழந்தைகளோடு படமும் கணினியும் பழகத் தொடங்கும் வழி

“எங்கள் பிள்ளைக்குக் கற்பனை வளர எந்த வகுப்பில் சேர்க்கலாம்?” என்று கேட்பவர்களிடம் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். வீட்டில் ஒரு பென்சில், மூன்று வெள்ளைத் தாள், ஒரு ஸ்மார்ட்போன், வாரத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கிறதா? இருந்தால் முதல் மாதத்தை நீங்களே நடத்தலாம். உங்களுக்கு வரைய வரவேண்டியதில்லை. கோடிங் தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவசரப்படாமல் பார்த்துக்கொண்டிருக்க முடிந்தால் போதும்.

சின்னச் சின்னக் குழுக்களோடு இதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகப் பட்டிருக்கிறது. ஓவியம் ஒரு நாள், கணினி ஒரு நாள், பாடம் ஒரு நாள் என்று பிரித்து வைத்தால் மூன்றுமே சப்பென்று ஆகிவிடுகின்றன. ஒரே விஷயத்தை மூன்றின் வழியாகவும் தொடவிட்டால், குழந்தை தானாகவே கேள்வி கேட்கத் தொடங்குகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பொருள்தான் வரும்: மேலிருந்து விழுந்து எகிறும் ஒரு பந்து. அது முதலில் தாளில் விழும், அப்புறம் கேமராவுக்கு முன்னால், கடைசியில் கணினித் திரையில்.

8 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். 5, 6 வயதுக் குழந்தைகள் தாள் வேலையையும் கேமரா வேலையையும் நன்றாகவே செய்வார்கள். கணினிப் பகுதியை மட்டும் அவர்களுக்குத் தள்ளி வைக்கலாம்.

தேவையானவை

ஏ4 தாள் மூன்று. ஒவ்வொன்றையும் எட்டாக வெட்டினால் 24 சிறு தாள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10.5 செ.மீ. நீளம், 7.4 செ.மீ. அகலம். தாளை வெட்டும் வேலையையும் குழந்தையிடமே கொடுங்கள். மூன்றை எட்டால் பெருக்கினால் 24 என்பதை வாய்ப்பாடாகச் சொல்வது வேறு, வெட்டிக் கையில் வைத்திருப்பது வேறு.

கறுப்பாக விழும் பென்சில் ஒன்று (2பி நல்லது), தாள்களைப் பிடித்து வைக்க ஒரு பைண்டர் கிளிப், ஒரு ஸ்கேல், தரையில் போட்டால் எகிறும் உண்மையான பந்து ஒன்று. கணினி கடைசி வாரத்தில்தான் வேண்டும். அதுவரை அதைத் திறக்கவே வேண்டாம். நூறு கலர் பென்சில் பெட்டியும் இப்போது வேண்டாம். கருவி அதிகமானால் முதல் அரை மணி நேரம் எதை எடுப்பது என்பதிலேயே கரைந்துவிடும்.

முதல் வாரம்: சுழலும் அட்டை

இது பத்து நிமிட வேலை, ஆனால் தவிர்க்காதீர்கள். ஓர் உள்ளங்கை அளவு வட்ட அட்டை வெட்டுங்கள். ஒரு பக்கம் காலியான கண்ணாடித் தொட்டி வரையச் சொல்லுங்கள். இப்போது அட்டையைப் புத்தகப் பக்கம் போலப் புரட்டாமல், கீழ் விளிம்பை மேலே தூக்கித் திருப்புங்கள். மறுபக்கத்தில் நடுவே ஒரு மீன். அட்டையின் இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் துளையிட்டு நூல் கட்டி, நூலை விரல்களால் முறுக்கிச் சுழற்றினால் மீன் தொட்டிக்குள் நீந்தும்.

1820களில் லண்டனில் பிரபலமான விளையாட்டுப் பொருள் இது. இதில் ஓடுவது எதுவும் இல்லை. இரண்டு படங்களைக் கண்ணும் மூளையும் சேர்த்து ஒன்றாக்கிக்கொள்கின்றன. குழந்தை இதைப் பார்த்ததும் “எப்படி?” என்று கேட்கும். விளக்கம் சொல்லாதீர்கள். “மெதுவாகச் சுத்தினால் என்ன ஆகிறது?” என்று மட்டும் கேளுங்கள். மெதுவாகச் சுற்றும்போது மீனும் தொட்டியும் பிரிந்துவிடும். வேகம்தான் ரகசியம் என்று அதுவே சொல்லிவிடும்.

பலருக்கு மீன் தலைகீழாக வரும். அட்டையைத் தவறான பக்கம் திருப்பியதால் வருவது அது. அழிக்கவோ திட்டவோ வேண்டாம், இன்னொரு அட்டை வெட்டினால் போயிற்று. இரண்டாவது அட்டையில் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று குழந்தை உங்களுக்கே சொல்லித்தரும்.

இரண்டாம் வாரம்: ஃபிளிப் புக்

இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும். கட்டைவிரலால் புரட்டினால் படம் ஓடும் இந்தச் சிறு புத்தகத்துக்கு 1868-இல் ஜான் பார்ன்ஸ் லின்னெட் என்பவர் காப்புரிமை வாங்கினார். சினிமா பிறப்பதற்கு முன்பே மனிதர்கள் கைக்குள் படம் ஓட்டியிருக்கிறார்கள் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு ஒரு மரியாதை வருகிறது, செய்யும் வேலை மேல்.

24 தாள்களையும் படுக்கை வாட்டத்தில் அடுக்கி இடது ஓரத்தில் கிளிப் போடுங்கள். வலது ஓரம் லேசாகச் சாய்வாக, படிக்கட்டு போல ஒன்றுக்கொன்று ஒரு மயிரிழை தள்ளி இருக்கட்டும். அப்போதுதான் கட்டைவிரலிலிருந்து தாள்கள் ஒவ்வொன்றாக நழுவும். எல்லாத் தாளிலும் வலது மூலையில் 1 முதல் 24 வரை எண் போடச் சொல்லுங்கள். கிளிப் கழன்று தாள்கள் கலைந்துபோனால் காப்பாற்றப்போவது இந்த எண்தான்.

படம் தாளின் வலது பாதியில் வர வேண்டும். இடது பக்கம் வரைந்தால் புரட்டும்போது தெரியாது. கடைசித் தாளிலிருந்து முன்னோக்கி வரைவது ஒரு நல்ல பழக்கம். மேலே விழும் புதுத் தாளின் வழியாக அடியிலுள்ள படம் மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி வரையலாம். பந்து விழுந்து எகிறும் கதைக்கு முன்னாலிருந்து வரைந்தாலும், பின்னாலிருந்து வரைந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

முதல் முறை எந்த விதியும் சொல்லாதீர்கள். “ஒரு பந்து மேலிருந்து விழுந்து திரும்ப மேலே வரணும்” என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்னதாக, ஒரு செ.மீ. வட்டம் போதும். ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதிரிதான் செய்வார்கள்: ஒவ்வொரு தாளிலும் சரிசமமாகக் கொஞ்சம் கொஞ்சம் இறக்கிக்கொண்டே வருவார்கள். புரட்டிப் பார்த்தால் பந்து ஓடும், ஆனால் விழாது. லிஃப்டில் ஏறி இறங்குவதுபோல் இருக்கும்.

இந்த இடத்தில் நான் ஆரம்பத்தில் ஒரு தவறு செய்தேன். “அப்படி இல்லை, இப்படி” என்று சரியான இடைவெளிகளை முன்கூட்டியே தாளில் குறித்துக் கொடுத்துவிட்டேன். எல்லோருடைய பந்தும் அழகாக விழுந்தது. வகுப்பு முடிந்தபோது பாதிப் புத்தகங்கள் மேசையிலேயே கிடந்தன, எடுத்துப்போக யாருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு லிஃப்ட் பந்தை நான் திருத்துவதே இல்லை. குழந்தை இரண்டு மூன்று முறை புரட்டிவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு “இது நிஜப் பந்து மாதிரி இல்லையே” என்று சொல்லும்வரை காத்திருப்பேன். சில நேரம் பத்து நிமிடம் ஆகும். சில நேரம் அடுத்த வாரம்தான் சொல்லும். அந்தச் சுளிப்பு வந்தால்தான் அடுத்த படிக்குப் போக முடியும்.

நிஜப் பந்தைப் பார்ப்பது

“சரி, நிஜப் பந்து எப்படி விழுகிறதென்று பார்ப்போமா?” என்று கேளுங்கள். போனில் ஸ்லோ மோஷன் வீடியோ வசதி இருக்கும். சுவரில் ஸ்கேலையோ, சம இடைவெளியில் கோடு போட்ட நீளத் தாளையோ ஒட்டிவிட்டு, அதற்கு முன்னால் பந்தைப் போட்டுப் படம் பிடியுங்கள். ஒருவர் போட, ஒருவர் எடுக்க, இருவர் இருந்தால் வசதி.

வீடியோவை ஒவ்வொரு நொடித்துணுக்காக நகர்த்திப் பார்த்து, பந்து எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். மேலே புள்ளிகள் நெருக்கமாக விழும். கீழே வர வர விலகிக்கொண்டே போகும். ஒரு சிறுமி தன் புள்ளிகளை வெகுநேரம் பார்த்துவிட்டு, “மேலே அதுக்குத் தயக்கம், கீழே வரும்போது தைரியம் வந்துடுது” என்றாள். முடுக்கம் என்ற சொல்லைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்ததில்லை.

கலிலியோ இதே கேள்வியோடுதான் போராடினார். நேராக விழும் பொருளை அளக்க அவரிடம் துல்லியமான கடிகாரம் இல்லாததால், சாய்ந்த பலகையில் குண்டுகளை உருட்டி விழுதலை மெதுவாக்கிப் பார்த்தார். சமமான நேரத் துண்டுகளில் ஒரு பொருள் கடக்கும் தூரம் 1, 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் கூடுகிறது என்று கண்டார். 1638-இல் வெளியான அவருடைய கடைசி நூலில் இது இருக்கிறது. பலகை அவருக்கு ஸ்லோ மோஷன். பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது, அவர் செய்ததையும் அவர்கள் இப்போது செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

இப்போது இன்னும் மூன்று ஏ4 தாளை வெட்டி, மறுபடியும் 24 தாள். ஸ்கேலை எடுத்து இடைவெளிகளைக் குறிக்கலாம்: 2 மி.மீ., பிறகு 6, 10, 14, 18. மொத்தம் 50 மி.மீ., அதாவது 5 செ.மீ. தாளின் உயரம் 7.4 செ.மீ. என்பதால் பந்துக்கும் தரைக்கும் இடம் இருக்கும். 1-ஆம் தாளில் பந்து உச்சியில். 6-ஆம் தாளில் தரையில். அங்கிருந்து அதே இடைவெளிகளைத் தலைகீழாக, 18, 14, 10, 6, 2 என்று ஏற்றினால் 11-ஆம் தாளில் திரும்ப உச்சி. இன்னொரு முறை விழுந்து எழுந்தால் 21-ஆம் தாள் வரும். மிச்சமிருக்கும் மூன்று தாளில் பந்துக்கு என்ன ஆகிறது? இதைக் குழந்தையிடமே விட்டுவிடுங்கள். வெடிக்கலாம், பறவையாகலாம், யாராவது வந்து தூக்கிக்கொண்டு போகலாம். விதிக்குக் கட்டுப்பட்டு 21 தாள் உழைத்த கைக்கு அந்த மூன்று தாள் கொடுக்கும் சுதந்திரம் தனி ருசி.

கூடவே ஒரு சின்ன வித்தையும் சொல்லித்தரலாம். தரையில் மோதும் 6-ஆம் தாளில் பந்தைக் கொஞ்சம் சப்பையாக, அகலமாக வரையட்டும். மோதலுக்கு முந்தைய தாளில் கொஞ்சம் நீளமாக. உயிரூட்டும் ஓவியர்கள் காலங்காலமாகக் கையாளும் முறை இது. ஒரு நிபந்தனைதான்: பந்து சப்பையானால் அகலமாகவும் ஆக வேண்டும், இல்லாவிட்டால் காற்று போனதுபோல் இருக்கும். அதிகம் சப்பையானால் அது ரப்பர், சப்பையே ஆகாவிட்டால் இரும்புக் குண்டு. ஒரே வட்டத்தை வைத்து அது எதனால் ஆனது என்று சொல்லிவிட முடிகிறது என்பதைக் கண்டுகொண்டதும் பிள்ளைகள் ஈரக் களிமண், சோப்புக் குமிழி, கல் என்று வரைந்து தள்ளுவார்கள். விடுங்கள். அந்த வாரம் அதிலேயே போனாலும் நஷ்டமில்லை.

மூன்றாம் வாரம்: கேமராவுக்கு முன்னால்

ஸ்டாப் மோஷன் என்பது ஃபிளிப் புக்கேதான், பென்சிலுக்குப் பதில் பொருளையும் தாளுக்குப் பதில் புகைப்படத்தையும் வைத்துச் செய்வது. பொருளைக் கொஞ்சம் நகர்த்து, ஒரு படம் எடு, மறுபடி நகர்த்து. ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ போன்ற செயலியின் இலவசப் பதிப்பே தொடங்கப் போதும்.

சினிமாவில் ஒரு நொடிக்கு 24 படம் ஓடுகிறது. கையால் வரைபவர்கள் பல நேரம் ஒரே ஓவியத்தை இரண்டு முறை படம்பிடித்து நொடிக்கு 12 ஓவியத்தோடு சமாளிப்பார்கள். நாமும் 12 வைத்துக்கொள்ளலாம். ஐந்து நொடிப் படத்துக்கு 60 புகைப்படம் வேண்டும். இந்தக் கணக்கை முன்கூட்டியே போடவைத்தால், “ஒரு மணி நேர சினிமா எடுக்கலாம்” என்று கிளம்புபவர்கள் தாங்களாகவே பத்து நொடிக்கு இறங்கி வருவார்கள்.

மேசையில் கறுப்புத் தாள் ஒன்றை நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டுங்கள். 4 செ.மீ. அளவில் ஒரு வண்ணத் தாள் வட்டம் வெட்டுங்கள், அதுதான் பந்து. போனை இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே பாலம்போல ஸ்கேல் வைத்து, கேமரா கீழே பார்க்கும்படி படுக்கவையுங்கள். அது அசையாமல் இருப்பதுதான் பாதி வெற்றி. படச் சட்டத்துக்கு வெளியே ஓரமாக ஒரு ஸ்கேலை வைத்துக்கொண்டு 1, 3, 5, 7, 9 செ.மீ. என்று நகர்த்தினால் 25 செ.மீ. இறங்கிவிடும். போன வாரத்து எண்களே இங்கேயும் வருவதைக் குழந்தை கவனிக்கிறதா என்று பாருங்கள், நீங்கள் சொல்லாதீர்கள்.

புதிதாகச் செய்பவர்களைப் பெரும்பாலும் ஏமாற்றுவது வெளிச்சம். ஜன்னல் ஓரம் எடுத்தால் மேகம் நகர நகர வெளிச்சம் மாறி, ஓட்டிப் பார்க்கும்போது படம் துடிக்கும். திரைச்சீலையை இழுத்துவிட்டு ஒரே விளக்கில் எடுங்கள். போன் கேமராத் திரையில் ஓரிடத்தை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்ச அளவும் அப்படியே பூட்டிக்கொள்ளும். செயலியில் அதற்குத் தனி வசதியும் இருக்கலாம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குனிந்தால்கூட அந்த வெளிச்சம் மேசையில் விழும். கடும் நிறச் சட்டை நல்லது. விரல் வந்துவிட்ட படத்தை உடனே அழித்துவிட வேண்டாம். எல்லாம் முடிந்தபின் பார்த்து முடிவு செய்யலாம். சில சமயம் அந்த விரல்தான் கதையையே மாற்றிவிடும்.

முந்தைய படத்தை மங்கலாக மேலே காட்டும் வசதியைச் செயலியில் போட்டுவிடுங்கள். தாள் வழியாக அடியிலுள்ள படம் தெரிந்ததே, அதே உபாயம்தான் இது. கணினிக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, ஓவியர்களின் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்தால் ஒருவர் நகர்த்துபவர், ஒருவர் பொத்தானை அழுத்துபவர், ஒருவர் எண்ணிக்கை எழுதுபவர். பத்துப் படத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் எப்போதும் ஒரே குழந்தைதான் போனைப் பிடித்திருக்கும்.

நான்காம் வாரம்: கணினி

கணினியைத் திறக்கும் முன் பத்து நிமிட விளையாட்டு ஒன்று. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். குழந்தை சொல்வதை மட்டும் அப்படியே செய்யுங்கள். “முன்னாடி போ” என்றால் போய்க்கொண்டே இருங்கள், சுவரில் முட்டும்வரை. “மூணு அடி முன்னாடி” என்று சொல்லும்வரை நிற்காதீர்கள். “திரும்பு” என்றால் எந்தப் பக்கம், எவ்வளவு என்று கேட்காமல் சுழன்றுகொண்டிருங்கள். சிரிப்பில் வீடு அதிரும், ஆனால் கணினிக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்பது அங்கேயே புரிந்துவிடும். 1967-இல் குழந்தைகளுக்கான லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட்டின் எண்ணமும் இதுதான். லோகோவில் திரையிலோ தரையிலோ ஒரு ஆமை நகரும். குழப்பம் வந்தால் குழந்தை தானே ஆமையாக எழுந்து நடந்து பார்க்கலாம்.

அந்த வழியில் வந்ததுதான் ஸ்கிராட்ச். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் தலைமையிலான குழு உருவாக்கி, 2007-இல் வெளியிட்டது. 8 முதல் 16 வயதினரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது, இலவசம். கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். ஒன்றோடொன்று பொருத்தினால் நிரல். 5 முதல் 7 வயதினருக்கு ஸ்கிராட்ச் ஜூனியர் என்று தனியாக ஒன்று 2014-இல் வந்தது. இணையத்தில் கணக்குத் தொடங்காமலேயே ஸ்கிராட்சைப் பழகலாம், கணினியில் இறக்கி இணையம் இல்லாமலும் வேலை செய்யலாம். முதல் மாதத்துக்கு அப்படியே வைத்துக்கொள்வது நல்லது.

திறந்ததும் ஒரு பூனை நிற்கும். அதை நீக்கிவிட்டு, குழந்தை தாளில் வரைந்த பந்தைப் புகைப்படமெடுத்து ஏற்றுங்கள். உருண்டையான பந்து ஒன்று, சப்பையான பந்து ஒன்று, ஒரே உருவத்தின் இரண்டு ‘காஸ்ட்யூம்’களாக. சுற்றியுள்ள தாள் நிறத்தை ஸ்கிராட்சின் வரைபலகையிலேயே அழிக்கலாம். அழிப்பது கொஞ்சம் பிசிறாக வரும், இருக்கட்டும். ஸ்கிராட்சில் ஆயத்தமாக அழகான பந்துப் படம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தன் பென்சில் கோடு திரையில் துள்ளுவதைப் பார்க்கும் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அதற்காகவே இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள்.

ஸ்கிராட்ச் மேடை 480 புள்ளி அகலம், 360 புள்ளி உயரம். பக்கவாட்டு இடத்தை x என்றும், மேல்-கீழ் இடத்தை y என்றும் குறிப்பார்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளி பூஜ்ஜியம். மேலே போனால் 180 வரை, கீழே போனால் -180 வரை. எதிர்மறை எண்ணைப் பள்ளியில் இன்னும் படிக்காத குழந்தைகூட, “தரைக்குக் கீழ்ப்பக்கம் கழித்தல்” என்று இங்கே புரிந்துகொள்ளும்.

‘வேகம்’ என்ற பெயரில் ஒரு வேரியபிள் (மாறிக்கொண்டிருக்கும் ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும் பெட்டி) உருவாக்குங்கள். தமிழிலேயே பெயர் வைக்கலாம். பிறகு இந்த வரிசையில் கட்டைகளைப் பொருத்தவேண்டும்:

பச்சைக் கொடியை அழுத்தியதும் தொடங்கு.
x 0, y 150 இடத்துக்குப் போ.
வேகத்தை 1 ஆக்கு.
இனி வருவதை நிறுத்தாமல் திரும்பத் திரும்பச் செய் (‘ஃபாரெவர்’ கட்டை):
உருண்டைக் காஸ்ட்யூமுக்கு மாறு.
வேகத்தை -2 ஆல் மாற்று.
y-ஐ வேகத்தால் மாற்று.
y, -150-ஐவிடக் குறைந்தால்: y-ஐ -150 ஆக்கு, வேகத்தை -0.8 ஆல் பெருக்கு, சப்பைக் காஸ்ட்யூமுக்கு மாறு.

கொடியை அழுத்துங்கள். பந்து விழும், மோதும், கொஞ்சம் குறைந்த உயரத்துக்கு எழும், மறுபடி விழும்.

இப்போது ‘வேகம்’ எப்படி மாறுகிறது என்று குழந்தையையே கணக்குப் போடச் சொல்லுங்கள். 1-இலிருந்து தொடங்கி ஒவ்வொரு முறையும் 2 குறைகிறது: -1, -3, -5, -7, -9. அதாவது பந்து முதலில் 1 புள்ளி, பிறகு 3, பிறகு 5, 7, 9 என்று இறங்குகிறது. தாளில் ஸ்கேல் வைத்துக் குறித்த அதே எண்கள், மேசையில் வண்ண வட்டத்தை நகர்த்திய அதே எண்கள். இந்த இடத்தில் சில பிள்ளைகள் எழுந்துபோய்த் தங்கள் ஃபிளிப் புக்கை எடுத்துவந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் புரட்டுவார்கள். நான்கு வாரமும் இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

-0.8 ஏன் என்று கேட்பார்கள். 0.8-ஐ 0.5 ஆக்கிப் பார்க்கட்டும், 1 ஆக்கிப் பார்க்கட்டும், 1.1 ஆக்கிப் பார்க்கட்டும். கழித்தல் குறியை எடுத்துவிட்டால் என்ன ஆகிறது என்றும் பார்க்கட்டும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் “என்ன நடக்கும்னு நினைக்கிறே?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஊகித்துவிட்டுச் செய்வதும், சும்மா செய்து பார்ப்பதும் ஒன்றல்ல.

இந்த நிரலில் ஒரு குறை இருக்கிறது. பந்து ஓய்ந்து நின்ற பிறகும் சப்பையாகவே இருக்கும். அதை நீங்கள் முதலில் சுட்டிக்காட்ட வேண்டாம். பெரும்பாலும் குழந்தையே கண்டுபிடிக்கும். தீர்க்கும் வழி உங்களுக்கு மட்டும்: பெருக்குவதற்கு முன்னால் வேகம் -5-ஐவிடக் குறைவாக இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மட்டும் சப்பையாக்க வேண்டும். மெதுவாகத் தரையைத் தொடும் பந்து நசுங்காது என்பதுதானே உண்மையும்.

பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டியது

மவுஸைத் தொடாதீர்கள். பென்சிலையும் வாங்காதீர்கள். வயது வந்தவர்களுக்கு இந்த நான்கு வாரத்தில் மிகக் கஷ்டமான வேலை இதுதான் என்பதை அறிந்தே சொல்கிறேன். குழந்தை தடுமாறும்போது கை தானாக நீளும். அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, “இதுவரைக்கும் என்ன பண்ணியிருக்கேன்னு எனக்குச் சொல்லு” என்று கேளுங்கள். சொல்லிக்கொண்டு வரும்போதே பாதிப் பேருக்குத் தவறு பிடிபட்டுவிடும்.

“சூப்பர்” என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், பார்த்ததைச் சொல்லுங்கள். “மூணாவது எகிறலில் பந்து கொஞ்சம் சாய்ஞ்ச மாதிரி இருக்கே, வேணும்னே செஞ்சியா?” என்றால், நீங்கள் உண்மையாகப் பார்த்திருக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியும்.

பரிசு ஆசை காட்டாதீர்கள். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வம் காட்டிய 3 முதல் 5 வயதுக் குழந்தைகளோடு ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினரிடம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, அப்படியே கொடுத்தார்கள். சில நாட்களுக்குப் பிறகு, யாரும் சொல்லாத ஓய்வு நேரத்தில் அந்தக் குழந்தைகள் வரைந்த நேரம் மற்றவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. முடிந்த வேலையைச் சுவரில் ஒட்டுங்கள், வீட்டுக்கு வருபவர்களிடம் காட்டச் சொல்லுங்கள். இன்னொரு குழந்தை அதை வாங்கிப் புரட்டிப் பார்ப்பதைவிடப் பெரிய பரிசு எனக்குத் தெரியாது.

“எனக்கு வரைய வராது” என்று சொல்லும் குழந்தையும் வரும், பெரும்பாலும் 9, 10 வயதில். பக்கத்துப் பிள்ளையின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கும் வயது அது. அதற்குப் பந்து நல்ல மருந்து. வட்டம் போடாத கை கிடையாது. கோணலான வட்டமும் துள்ளும். கொஞ்சம் கோணலாக இருந்தால் இன்னும் உயிரோடு துள்ளும். இதை வாயால் சொல்லாமல் புரட்டிக் காட்டிவிடுங்கள்.

சொன்னதும் படம் வரைந்து கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். இந்த மாதத்துக்கு அவற்றை ஒதுக்கி வையுங்கள் என்பது என் கருத்து. தொழில்நுட்பத்தின் மேல் எனக்குப் பகையில்லை, இந்தக் கட்டுரையில் பாதி தொழில்நுட்பம்தான். லிஃப்ட் பந்துக்கும் நிஜப் பந்துக்கும் நடுவில் ஒரு சங்கடம் வந்ததே, குழந்தை கற்றதெல்லாம் அந்தச் சங்கடத்தில் உட்கார்ந்திருந்துதான். முதல் நொடியிலேயே அழகாக விழும் பந்தை யாராவது கையில் கொடுத்துவிட்டால், உட்கார இடமே இருக்காது.

மாதம் முடிந்தபின்

எல்லா ஃபிளிப் புக்கிலும் பின்பக்கம் தேதி எழுதி ஒரு பெட்டியில் போட்டுவையுங்கள், லிஃப்ட் பந்துகள் உட்பட. வீடியோக்களையும் ஸ்கிராட்ச் கோப்புகளையும் குழந்தையின் பெயரும் தேதியும் போட்டு ஒரே இடத்தில் சேமியுங்கள்.

அடுத்து என்ன செய்யலாம் என்பதைப் பந்தே சொல்லும். சத்தம் வேண்டும் என்று ஒரு குழந்தை கேட்கும்: வீட்டிலுள்ள பொருள்களைத் தட்டி, போனில் பதிந்து, மோதும் இடத்தில் சேர்க்கலாம். பந்துக்குக் கண் வரையும் குழந்தை கதைக்குப் போய்விடும், அதன் பின்னால் நீங்களும் போங்கள்.

எண்களில் ஆசை வந்த குழந்தையிடம் ஒரு கேள்வி மட்டும் வைத்துவிட்டு நகருங்கள்: இதே பந்து நிலவில் எப்படி விழும்? நிலவின் ஈர்ப்பு பூமியுடையதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. 1971-இல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவின் தரையில் நின்று ஒரு சுத்தியலையும் ஒரு இறகையும் ஒன்றாகப் போட்டார். காற்றில்லாத அங்கே இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. அந்த வீடியோ இணையத்தில் இருக்கிறது, சேர்ந்து பாருங்கள். நிரலில் -2 என்றிருக்கும் இடத்தில் எந்த எண்ணைப் போட வேண்டும் என்று குழந்தை வகுத்துப் பார்க்கும். -0.33 போட்டதும் பந்து மெல்ல, மிதப்பதுபோல இறங்கும். அப்புறம் அது வியாழனைப் பற்றிக் கேட்கும், அங்கே ஈர்ப்பு இரண்டரை மடங்கு.